நெல்லிக்கனியும் நெற்கதிரும்

தருமபுரியிலிருந்து சேலம் போகிற சாலையில் பேருந்து வேகமெடுப்பதற்குள் அதியமான்கோட்டை வந்துவிடும். அங்குள்ள அதியமான் கோட்டத்தில், அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் சிலை நிற்கிறது. பிள்ளைகளை அழைத்து வருகிற ஆசிரியர்கள் அதன் முன்னால் நிறுத்தி ஒரே மூச்சில் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள்: தின்றவரை நெடுநாள் வாழவைக்கும் கனி கிடைத்தது, அரசன் தான் தின்னவில்லை, புலவருக்குக் கொடுத்துவிட்டான். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். பல ஆண்டு கழித்துப் புறநானூற்றை முறையாக உட்கார்ந்து படித்தபோதுதான் அந்தக் கனி ஒரு நீண்ட கதையின் நடுப்பக்கம் என்று தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை எங்கள் மாவட்டத்திலேயே பலர் புரட்டிப் பார்த்ததில்லை.

அவற்றைப் படிக்க ஒரு நல்ல வழி, ஔவை - அதியமான் நட்பைக் கபிலர் - பாரி நட்பின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வழி என்னுடையது அன்று. புறநானூற்றைத் தொகுத்தவரே அப்படித்தான் வைத்திருக்கிறார். அதியமானையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவை பாடிய பாட்டுகள் 87 முதல் 104 வரை வரிசையாக வருகின்றன. அடுத்த 105இல் கபிலர் பாரியைப் பாடத் தொடங்கிவிடுகிறார். ஏட்டில் இந்த இரண்டு நட்பும் அடுத்தடுத்த வீடு.

வெளிப்படையாகத் தெரிகிற ஒற்றுமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதியமானின் தகடூர் என்பது இன்றைய தருமபுரி. பாரியின் பறம்பு என்பது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. இரண்டு தலைவர்களும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் வருகிறவர்கள். இருவரும் குறுநில மன்னர்கள். இருவரையும் பெரிய வேந்தர்கள் முற்றுகையிட்டார்கள். இருவரும் வீழ்ந்தார்கள். இரண்டு புலவர்களும் பாடிப் பரிசில் பெற்றுப் போகிறவர்களாக இல்லாமல், தலைவனுக்கு நெருக்கடி வந்தபோது உள்ளே நின்று வேலை செய்தார்கள். அந்த வேலை என்ன, அதற்கான அறிவு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

அஞ்சி பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்றொரு மரபையும் சொல்கிறது. அது யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதிட்டார்கள். 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு குன்றின் குகைத்தளத்தில் தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குகைத்தளத்தைக் கொடையாகக் கொடுத்தவன் சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி என்று அதில் வெட்டியிருக்கிறது. ஒரே வரிக் கல்வெட்டு அந்த வாதத்தைத் தீர்த்து வைத்தது.

இனி அந்தப் பழைய நெருக்கடிகளுக்கு வருவோம்.

தொண்டைமான் என்ற அரசனுக்கும் அதியமானுக்கும் பகை மூண்டது. அதியமான் தூது அனுப்பினான், ஔவை போனார். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். வாயைத் திறந்து மிரட்டவில்லை, கண்ணில் காட்டி மிரட்டினான். ஒரு தூதர் அந்த இடத்தில் என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். 'எங்களிடமும் இருக்கிறது' என்றால் சண்டை அந்தக் கொட்டிலிலேயே தொடங்கிவிடும். பேசாமல் நின்றால் பயந்துவிட்டதாக ஆகும். 'இதெல்லாம் ஒரு படையா' என்று கேட்டால் தூதின் முறை கெட்டுவிடும்.

ஔவை பாராட்டினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. இங்கே உள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன என்றார். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எந்நேரமும் கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றார். அதோடு, தன் அரசன் இருந்தால் சோறு போடுவான், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உண்பான் என்றும் சொன்னார். அவ்வளவுதான் பாட்டு. இரண்டு கொட்டில்களைப் பக்கம் பக்கமாக வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். தமிழில் ஒப்பாய்வு எழுதுகிற யாரும் முதலில் படிக்க வேண்டிய பாட்டு இதுதான் என்பேன்.

அதில் ஒரு சொல் பொய் இல்லை, ஒரு சொல் வசை இல்லை. தொண்டைமான் விரும்பினால் அதைப் புகழாகவே கேட்டுக்கொண்டு தன் மானம் குறையாமல் இருக்கலாம். அவையில் மூத்தவர் ஒருவருக்குப் பொருள் பிடிபட்டால் போதும். அவர் இரவில் அரசனிடம் தனியே சொல்லிக்கொள்வார். எதிரி கௌரவமாகப் பின்வாங்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார் ஔவை. போர் நின்றதா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நின்றது என்பது வழிவழியாக நாம் சொல்லி வருவது.

கொல்லன் கொட்டிலில் முறிந்து கிடந்த வேல்களை அவர் எப்படி அறிவார்? விருந்தாளிக்கு முன்வாசலைத்தான் காட்டுவார்கள். ஔவை பின்கட்டு வரை போய் வந்தவர். பட்டறையில் எந்த வேலுக்கு எந்த இடத்தில் நுனி போயிருந்தது என்பதை நின்று பார்த்தவர். அந்த மண்ணில் பட்டறை என்பது ஓரத்தில் கிடந்த தொழிலும் இல்லை. 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்து இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாக 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரும்போடு அவ்வளவு நெடுங்காலம் பழகிய நிலத்திலிருந்து போன தூதருக்கு, நெய் பூசிய வேலைப் பார்த்ததும் அது வேலை செய்யாத வேல் என்று தெரிந்திருக்கும்.

பறம்பில் நெருக்கடி வேறு மாதிரி. மூவேந்தரும் சேர்ந்து மலையைச் சூழ்ந்துகொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு பிடி நெல் உள்ளே வர வழியில்லை. அப்போது கபிலர் ஏற்பாட்டின்படி தொலைவயல்களில் விளைந்த நெற்கதிர் மலைக்கு வந்து சேர்ந்தது, ஆம்பல் மலரும் சேர்த்து உண்டு பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள் என்று அகநானூற்றின் 78ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். கபிலர் செய்ததை அவர் 'சூழ' என்ற சொல்லால் குறிக்கிறார். இன்று சூழ்ச்சி என்றால் சதி. அன்று அது ஆழ்ந்து எண்ணி வழிகாண்பது. அந்த நல்ல சொல்லை நாம் கெடுத்து வைத்திருக்கிறோம்.

கதிர் எப்படி வந்தது? பறவைகள் கொண்டுவந்தன. கிளிகளைப் பழக்கினார் கபிலர் என்று நம் வீடுகளில் கதை சொல்வார்கள். அகநானூற்றின் 303ஆம் பாட்டு குருவிகள் என்கிறது. பாரியின் பறம்பிலிருந்து குருவிக்கூட்டம் காலையில் புறப்பட்டுப் போய்ச் செந்நெல் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவருவதை அந்தப் பாட்டு, காதலில் துன்பப்படும் நெஞ்சத்துக்கு உவமையாக எடுத்துக்கொள்கிறது. பாடியவர் யார் தெரியுமா? ஔவையார். இதை முதன்முதலில் கவனித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஒருவருடைய அறிவின் வேலையை மற்றவர் தெரிந்து வைத்திருக்கிறார், அதைத் தன் பாட்டில் பத்திரப்படுத்தியும் இருக்கிறார்.

பறவைகள் கூலிக்காரர்களைப்போல மூட்டை சுமந்தன என்று நான் நம்ப வேண்டியதில்லை. காலையில் வயலுக்குப் போய் மாலையில் கூட்டுக்குத் திரும்புவது அவற்றின் இயல்பு. எல்லாருடைய தலைக்கு மேலும் பறந்த கூட்டம்தான். காவல் நின்ற படைவீரனும் அதைப் பார்த்துத்தான் இருப்பான். தரைவழி அடைபட்டபோது வான்வழி அடைபடவில்லை என்பது கபிலர் கண்ணுக்கு மட்டும் பட்டது.

இங்கே இரண்டு அறிவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. புறநானூற்றின் 110ஆம் பாட்டில் கபிலர் வேந்தர்களைப் பார்த்துச் சொல்வதைக் கவனியுங்கள். பறம்பு நாட்டில் 300 ஊர்கள் உண்டு, அந்த 300 ஊரையும் பரிசிலர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது பாரியும் நாங்களும் இந்தக் குன்றும்தான் என்கிறார். பாடிக்கொண்டு வந்தால் அதுவும் கிடைக்கும் என்கிறார். கையில் ஒன்றும் இல்லை என்ற வறுமையையே தோற்கடிக்க முடியாத வலிமையாக மாற்றிவிட்டார். முறிந்த வேலை வீரமாக மாற்றிய ஔவை செய்ததும் இதே வேலை. தலைவனிடம் குறையாக இருப்பது எதுவோ அதை இருவரும் கையில் எடுத்தார்கள். நிறையைப் பாட யாராலும் முடியும். குறையை அருகிலிருந்து பார்த்தவருக்கும், பார்த்தபிறகு அன்பு குறையாதவருக்கும்தான் இந்த வழி தோன்றும். தருமபுரியிலும் பறம்பிலும் நான் கண்ட ஒற்றுமைகளில் இதையே முதலாவதாக வைப்பேன்.

ஆனால் இருவருடைய குணமும் ஒன்றில்லை. ஔவைக்கு மனிதர்கள் பாடம். எதிரி எதைக் கேட்டால் எப்படி நடப்பான் என்பதைக் கணித்துப் பேசினார். கபிலருக்கு இயற்கை பாடம். 109ஆம் பாட்டில், உழவர் உழாமலே பறம்பு தரும் நான்கு உணவுகளை எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையால் மலையைப் பட்டினி போட முடியாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எதிரிகளிடம் பேசும்போது கபிலர் குத்திப் பேசினார். மூன்று முடிவேந்தர்களைப் பாணர் வேடத்தில் வந்து பிச்சை கேளுங்கள் என்றார். அந்தப் பேச்சில் உண்மை இருந்தது, வீரம் இருந்தது. எதிரி திரும்பிப் போக வழி இல்லை. பாரி வஞ்சனையால் வீழ்ந்தான் என்பது மரபு. கபிலர் ஔவையைப்போலப் பேசியிருந்தால் பாரி பிழைத்திருப்பானா என்று கேட்பது நியாயமில்லை. மூவர் ஒன்றாக வந்து நிற்கிற இடத்தில் எந்தத் தூதும் எடுபட்டிருக்காது. தகடூரையும் கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அந்த முற்றுகையின்போது ஔவையின் சொல்லாலும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலும் அழிந்துபோய், சில பாட்டுகளே மிஞ்சியிருக்கின்றன.

நட்பின் குணம் என்று வரும்போது, நான் முதலில் தேடுவது சண்டையை. திருக்குறள் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் வைத்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் பழைமை. நெடுநாள் பழகியவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துக்கொள்வது பற்றியது அது. ஔவை - அதியமான் நட்பில் அந்தப் பழைமை உண்டு. அதியமான் ஒருமுறை பரிசில் கொடுக்காமல் காலம் நீட்டினான். ஔவை வாயில்காவலனைக் கூப்பிட்டு, உன் அரசன் தன்னையும் அறியான் என்னையும் அறியான் போலும், எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்ற கருத்தில் கோபமாகப் பாடினார் (206). இதே அதியமான், பெருஞ்சித்திரனார் என்ற புலவரை நேரில் பார்க்காமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பியபோது, நான் வாணிகம் செய்ய வந்தவன் இல்லை என்று அவர் அதை மறுத்தார் (208). இரண்டு கோபமும் நியாயமானவை. பெருஞ்சித்திரனார் கோபத்தில் மானமுள்ள புலவர் தெரிகிறார். ஔவை கோபத்தில் வீட்டு மனுஷி தெரிகிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டே 'ஏன் இன்னும் தடுக்கவில்லை' என்று திரும்பிப் பார்க்கிறவர். வேறொரு பாட்டில் அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொள்கிறார்: ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போன்ற முகத்தோடுதான் வரவேற்பான், பரிசில் நீண்டாலும் அது யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட சோற்றுக்கவளம் மாதிரி, தவறாது (101).

கபிலர் பாரியோடு சண்டை போட்டதாகப் பாட்டு இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அது பாரி இறந்தபிறகு வந்தது. 236ஆம் பாட்டில் அவர் பாரியைக் குறை சொல்கிறார்: நானும் உன்னோடு வந்திருக்க வேண்டியவன், 'நீ இரு' என்று சொல்லிவிட்டுப் போனாயே, இது நட்புக்குப் பொருந்துமா, நான் உனக்கு ஏற்றவன் இல்லாமல் போனேனா என்று கேட்கிறார். ஏன் இருக்கச் சொன்னான் என்பது அவருக்குத் தெரியும். பாரியின் மகளிர் இருவர் தனித்து நின்றார்கள்.

இப்போது நெல்லிக்கனிக்குத் திரும்புவோம். 91ஆம் பாட்டில் ஔவை சொல்வது இது: பழைய பெருமலையின் எட்டாத பிளவில் இருந்த சிறிய இலை நெல்லியின் கனி, அதை அடைவதன் அருமையையும் பார்க்கவில்லை, அதன் பயனையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனத்துக்குள் அடக்கிக்கொண்டு நான் சாகாதிருக்கக் கொடுத்துவிட்டான். சொல்லாமல் கொடுத்தான் என்பதுதான் அந்தக் கொடையின் நுட்பம். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார். அதுவும் ஓர் உபாயம்தான்; நட்பில் உபாயம் புலவருக்கு மட்டும் சொந்தமில்லை.

இரண்டு தலைவர்களும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதியமான் கனி கொடுத்து 'நீ இரு' என்றான். பாரி மகளிரை ஒப்படைத்து 'நீ இரு' என்றான். இருவரும் போய்விட்டார்கள், இரண்டு புலவர்களும் இருந்தார்கள். கனியைக் கொடுத்தவன் மறைத்த பயன் என்ன என்பது ஔவைக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்திருக்கும். அதியமான் உடல் எரிந்த ஈமத்தீயைப் பாடினார் (231). அவனுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றியபோது, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கலங்கினார் (232). 235ஆம் பாட்டை என்னால் இன்றும் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்று நினைவுகூர்கிறார். நறுமணம் வீசும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். அவன் மார்பில் தைத்த வேல் பாணர் கையில் இருந்த பாத்திரத்தையும் துளைத்து, புலவர் நாவிலும் போய்ப் பாய்ந்தது என்கிறார். அரசன், புலவர், ஆண், பெண் என்ற தூரங்கள் எல்லாம் அந்தத் தலைதடவலில் காணாமல் போகின்றன.

கபிலர் பாரிமகளிரை அழைத்துக்கொண்டு நடந்தார். விச்சிக்கோனிடம் போய் இவர்கள் முல்லைக்குத் தேர் கொடுத்தவன் மகளிர் என்று அறிமுகம் சொல்லி, மணந்துகொள்ளக் கேட்டார் (200). இருங்கோவேளிடம் கேட்டார் (201). அவன் மறுத்தான், கபிலர் சினந்து, புலவரை இகழ்ந்ததால் அவன் முன்னோரின் அரையம் என்ற ஊர் அழிந்ததை நினைவூட்டிவிட்டு வெளியேறினார் (202). முற்றுகையில் பறவையைக் கண்ட அறிவு, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற இடத்தில் வேலை செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். இறந்துபோன நண்பனுக்காக அவமானப்படுவது, உயிரோடு இருக்கிற நண்பனுக்காகச் சாமர்த்தியம் காட்டுவதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். கடைசியில் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்று புறநானூற்றின் குறிப்பு சொல்கிறது. பாரிமகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. எப்படியானாலும் இட்ட வேலை முடிந்தபிறகு ஒரு நாளும் கூடுதலாக வாழ அவர் விரும்பவில்லை.

இருவரில் யார் நட்பு உயர்ந்தது என்று கேட்டால், பொதுவாகக் கபிலரைச் சொல்வார்கள். கூடவே இறந்தவர் என்பது காரணம். நான் ஔவையின் பக்கம் சாய்கிறேன். கபிலருக்கு ஒரு வேலை இருந்தது, அது முடிந்தது, அவர் போனார். ஔவைக்கு அப்படி முடிகிற வேலை எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. நண்பன் கொடுத்த ஆயுளை அவன் இல்லாத ஊரில் வாழ்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. பாடிக்கொண்டே அதை வாழ்ந்தார்.

தென்பெண்ணை எங்கள் மாவட்டத்து இருமத்தூரை ஒட்டிப் போய், சாத்தனூர் அணையைத் தாண்டித் திருக்கோவலூரை அடைகிறது. அந்தக் கோவலூரை அதியமான் வென்றதைத் தான் மட்டுமல்ல, பரணரும் பாடினார் என்று ஔவை குறிப்பிடுகிறார் (99). கோவலூருக்கு உரிய மலையமான் காரியைக் கபிலர் பாடியிருக்கிறார். ஆக ஒருவரின் நண்பன் மற்றவரின் நண்பனுக்குப் பகைவன். அந்த ஊரை ஒட்டி ஆற்றுக்கு நடுவே ஒரு பெரும்பாறை, மேலே சிறிய கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். அஞ்சியின் பெயர் வெட்டிய ஜம்பைக் குன்றும் அதே வட்டாரத்தில்தான். பகையெல்லாம் போய், இரண்டு பெயரும் இப்போது ஓர் ஆற்றின் காவலில் இருக்கின்றன.

அதியமான்கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கனியோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். படைக்கலக் கொட்டிலில் ஔவை பேசியதையும் சொல்லுங்கள், பறம்பின் குருவிகளையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இறங்கி, இந்த மண்ணில் கிடைத்த நடுகற்களை அவர்கள் அருகில் நின்று பார்க்கட்டும். கனி வாங்கிய ஔவை இப்படி ஒரு கல்லின் முன்னால்தான் கலங்கி நின்றார் என்பதை அங்கே வைத்துச் சொல்லுங்கள்.